ஜாவாக்கு ஆள் எண்ணி பைசா கேக்காவளாமே, உள்ளதா? இப்ப அதுக்க சொந்தக்காரன் ஆரு?

கோட்டாறு_பில்லிங்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுத்துக்கிடுங்க. நாகர்கோவில்ல சின்ன கம்பெனியாக்கும் எங்களுக்கு, மொத்தம் ஆறு பேரு. ஜாவாங்க புரோகிராம் மொழில பில்லிங் சாப்ட்வேர் எழுதி ஜவுளிக்கட, மருந்துக்கட, ஒண்ணு ரெண்டு அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்ட ஒடைக்க எடம்)னு குடுத்துருக்கோம். 2015ல எழுதுன சாமானம், ஜாவா 8, ஸ்கிரீன் எல்லாம் ஜாவாஎஃப்எக்ஸ்ல செஞ்சது, இன்னைக்கு வர ஓடுது, ஓடுகத எதுக்கு நோண்டணும்னு விட்டாச்சு.

போன வாரம் ஒரு அண்டி ஆபீசுக்கு ஜிஎஸ்டி ரிப்போர்ட் சரியாக்க போனேன். அங்க புதுசா வந்த கணக்கரு கேக்காரு, "தம்பி, இந்த ஜாவாக்கு இப்ப பைசா உண்டாமே, கம்ப்யூட்டர எண்ணாம ஆள எண்ணி வாங்குவாவளாமே, அப்ப கொட்ட ஒடைக்க பொம்பளையளையும் எண்ணுவாவளா?" நான் சிரிச்சிட்டு வந்துட்டேன். ராத்திரி வீட்டுல இருந்து தேடிப் பாத்தா சிரிப்பு போச்சு. மறுநா போயி கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணா கண்ட்ரோல் பேனல் தொறந்து பாத்தேன், 40 மெஷின், பாதிக்கு மேல 8 அப்டேட் 381. நாங்க போட்டது 60 சில்லறையாக்கும். கீழ மூலைல அந்த சாயாக் கப்பு படம் வந்து அப்டேட் வேணுமான்னு கேக்கும்லா, வர்றவன் போறவன் எல்லாம் ஆமான்னு அமுக்கி வச்சிருக்கான். ஆட்டோ அப்டேட்ட அணைக்காம விட்டது எங்க தப்புதான், அத ஒத்துக்கிடுகேன்.

எனக்க சந்தேகம் ரெண்டு. ஒண்ணு, இப்ப என்ன செய்யணும். ரெண்டாவது, நான் காலேஜ்ல படிக்கும்போ ஜாவா ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ் (எழுதுனத ஆரும் பாக்கலாம் மாத்தலாம்), எவனுக்கும் சொந்தமில்லன்னுதான் சொல்லித்தந்தாவ. அப்ப இது எப்ப மாறிச்சு?

கழக்கூட்டம்_ரயில்:
உள்ளதுதான், ஆனா பாதி உள்ளது. டெக்னோபார்க்குக்கு போற வழில ரயில்ல இருந்து டைப் பண்ணுகேன், குழித்துறை தாண்டுனா நெட்டு போவும், அதனால வேகமா சொல்லிடுகேன்.

ஜாவாங்கது ஒரு சாமானம் இல்ல, மூணு. பேரு ஓராக்கிள்ங்க அமெரிக்க கம்பெனிக்க டிரேட்மார்க். கோடு, அதாவது புரோகிராம எழுதுன எழுத்து, ஓப்பன்ஜேடிகேன்னு பொதுவுல கெடக்கு, ஜிபிஎல் லைசென்ஸ், ஆரு வேணும்னாலும் எடுக்கலாம் மாத்தலாம் விக்கலாம். மூணாவது, அந்தக் கோட கம்பைல் பண்ணி (கம்ப்யூட்டர்ல ஓடுக மாதிரி ஆக்கி) ஓராக்கிள் அவங்க பேருல குடுக்க இன்ஸ்டாலர். உங்க அண்டி ஆபீஸ்ல கெடக்கது இந்த மூணாவது. அதுல 8 அப்டேட் 202 வர, அதாவது 2019 ஜனவரி வர பழைய லைசென்ஸ், சாதாரணமா ஆபீஸ்ல ஓட்டுகதுக்கு பைசா கெடையாது. ஏப்ரல்ல 211 வந்தப்ப லைசென்ஸ மாத்திட்டாவ, சொந்த உபயோகம், டெவலப்மென்ட் பண்ணுகது ஃப்ரீ, ஆபீஸ்ல ஓட்டணும்னா சந்தா. 381 எல்லாம் அதுக்குப் பொறவு வந்தது.

கணக்கரு சொன்னதும் சரிதான். 2023 ஜனவரில இருந்து சந்தாவ ஆள் கணக்குல மாத்துனாவ. முழுநேரம், பார்ட் டைம், கான்ட்ராக்ட்ல வேல செய்யவன் எல்லாம் சேத்தி. 999 ஆள் வர தலைக்கு மாசம் 15 டாலர்னு லிஸ்ட் விலை. உங்க ஆபீஸ்ல எத்தன பேரு?

கோட்டாறு_பில்லிங்:
கொட்ட ஒடைக்கவங்க, தோல் எடுக்கவங்க எல்லாம் சேத்து 400 வரும். கம்ப்யூட்டர தொடுகது 40 பேரு.

கழக்கூட்டம்_ரயில்:
அப்ப 400 பெருக்கல் 15 பெருக்கல் 12, வருசத்துக்கு 72,000 டாலர். நம்ம பைசால அறுவது லட்சத்த தாண்டும். ஒங்க சாப்ட்வேருக்கு அவரு தந்தது எவ்ளோன்னு நான் கேக்கல.

பயராண்டாம். வழி லேசு. ஓராக்கிள் இன்ஸ்டாலர எல்லாத்துலயும் கழத்திட்டு வேற கம்பைல் போடுங்க. எக்லிப்ஸ் பவுண்டேசனுக்கு கீழ அடாப்டியம் குடுக்க டெமுரின் உண்டு, அமேசானுக்க கொரெட்டோ உண்டு, அசூல் கம்பெனி ஜூலு உண்டு, மைக்ரோசாப்ட் கூட ஒண்ணு விடுகான். மாவு ஒண்ணுதான், சுடுக கட வேற. (பாறசாலை வந்தாச்சு, மிச்சம் ஆபீஸ் போயி)

மட்டிப்பழம்:
முன்ன அந்த இன்ஸ்டாலர்ல "3 பில்லியன் டிவைசஸ் ரன் ஜாவா"ன்னு ஓடுமே, அத பாத்துட்டு இருக்கும்போதே ஆஸ்க் டூல்பார்னு ஒரு சவத்தையும் கூட ஏத்தி விடும், டிக்க எடுக்க மறந்தா போச்சு. எங்க சித்தப்பா பிரவுசர்ல பாதி ஸ்கிரீன் டூல்பாராக்கும். அன்னைக்கே நான் நெனச்சேன் இந்த வீட்டுல ஆள் மாறிட்டுன்னு.

நாஞ்சில்_வாத்தியார்:
மட்டிப்பழம், ஒரு திருத்தம். இலவச டவுன்லோடோட வேற கம்பெனிக்க டூல்பார சேத்து விடுகத, ஓராக்கிளுக்கு முன்ன ஜாவாவ வச்சிருந்த சன் கம்பெனி காலத்துலயே தொடங்கியாச்சு. ஆஸ்க் வந்ததுதான் பொறவு. எல்லாத்தையும் புது ஆளு தலைல வைக்காண்டாம்.

கோட்டாறு தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வாறேன். நான் காலேஜ்ல இத 20 வருசமா எடுக்கேன், வருசா வருசம் பிள்ளையோ கேக்க கேள்விதான். 1991ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜேம்ஸ் காஸ்லிங் கூட்டம் டிவி பெட்டி மாதிரி வீட்டுச் சாமானங்களுக்காவ தொடங்குனது, மொதல்ல ஓக்குன்னு பேரு. 1995 மே மாசம் ஜாவான்னு வெளிய வந்துது. அப்ப ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், ஆனா ஓப்பன் சோர்ஸ் கெடையாது. இந்த எடத்துலதான் நம்ம வாத்தியாமாரு பாதி பேரு தப்பா சொல்லிக் குடுத்தது, நானும் சேத்தி. 1998ல ஜேசிபின்னு ஒரு அமைப்பு வச்சாவ, ஐபிஎம் மாதிரி மத்த கம்பெனியளும் வந்து உக்காந்து அடுத்த வெர்சன்ல என்ன வரணும்னு பேசலாம், ஓட்டு போடலாம். ஓட்டு எல்லாருக்கும் உண்டு, சாவி சன் கைல. 2006 நவம்பர்ல ஜிபிஎல்ல விடுகோம்னு அறிவிச்சாவ, 2007ல ஓப்பன்ஜேடிகே கோடு வந்துது. அதுக்குள்ள கம்பெனி தளந்து போச்சு. 2009 ஏப்ரல்ல ஓராக்கிள் 740 கோடி டாலருக்கு வாங்குகோம்னு சொல்லி 2010 ஜனவரில முடிச்சாவ. காஸ்லிங் 2010 ஏப்ரல்லயே வெளிய போயிட்டாரு.

அதனால ஒங்க காலேஜ்ல சொன்னது பொய் இல்ல, கோடு பொதுதான். சொந்தமில்லன்னு சொன்னதுதான் தப்பு.

தொடுவட்டி_டெண்டர்:
வாத்தியாரே நீங்க ரொம்ப மரியாதயா சொல்லுதிய. எனக்கு ஜாவான்னு கேட்டாலே வயிறு எரியும். நான் புரோகிராமர் இல்ல, மார்த்தாண்டத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன், காண்ட்ராக்டருமாருக்கு டெண்டர் அப்லோட் பண்ணி குடுப்பேன். டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பில குத்தி, சைட்ட தொறந்து, அதுல ஒரு ஜாவா ஆப்லெட் (பிரவுசருக்குள்ள ஓடுக குட்டி புரோகிராம்) ஓடணும், அது ஓடுனாத்தான் பாஸ்வேர்டு கேக்கும். 2014 ஜனவரில 7 அப்டேட் 51 வந்துது பாருங்க, அன்னைல இருந்து செவப்புல "அப்ளிகேசன் பிளாக்ட்" பெட்டி. எனக்க சென்டர்ல அஞ்சு கம்ப்யூட்டர், அஞ்சுலயும் அதே பெட்டி. மூணு மணிக்கு டெண்டர் குளோஸ், ஒரு காண்ட்ராக்டர் அண்ணாச்சி எனக்க தலைக்கு மேல நிக்காரு, ரெண்டரை மணி. பொறவு ஒரு பையன் போன்ல சொன்னான், கண்ட்ரோல் பேனல்ல செக்யூரிட்டில எக்செப்சன் சைட் லிஸ்ட்னு ஒண்ணு உண்டு, அதுல சைட்டுக்க அட்ரஸ போடுன்னு. போட்டேன், அட்ரசுக்க முன்னால உள்ள எச்டிடிபிய விட்டுட்டேன் போல, எடுக்கல, மறுபடியும் போட்டேன், 2.50க்கு எடுத்துது. அண்ணாச்சி எனக்கு ஒரு செந்துளுவன் குலை கொண்டு தந்தாரு.

அதுக்குப் பொறவு 2015ல குரோம் ஆப்லெட்ட ஓட்டுக அந்த பிளகின்னையே எடுத்துட்டான், 2017ல பயர்பாக்சும் எடுத்துட்டான், நாங்க இன்டர்நெட் எக்ஸ்புளோரர கெட்டிப் புடிச்சிட்டு கெடந்தோம். இவனுவளுக்கு கீழ உள்ளவன் என்ன செய்யான்னு தெரியுமா? தெரியாது.

கழக்கூட்டம்_ரயில்:
அண்ணே, வயித்தெரிச்சல் புரியுது, ஆனா அந்த பிளாக் பண்ணுனது நல்லதுக்காக்கும். 2012, 13ல ஆப்லெட் வழியா கம்ப்யூட்டருக்குள்ள கேறுகது அவ்ளோ நடந்துது, பிரவுசர்ல ஜாவாவ அணைச்சுப் போடுங்கன்னு அமெரிக்க கவர்மென்டே சொன்ன காலம் அது. கையெழுத்து சரியில்லாத ஆப்லெட்ட நிறுத்தத்தான் வேணும். சைட்டுக்காரன் நேரத்துக்கு மாத்தாம இருந்ததுக்கு ஜாவா என்ன செய்யும்.

தொடுவட்டி_டெண்டர்:
நல்லதுக்குத்தான். எல்லா மருந்தும் நல்லதுக்குத்தான். முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லணும்லா.

கடைமடை:
ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுல ஒண்ணு சொல்லணும்னு தோணுது. எங்க அப்பாக்கு மூணு ஏக்கர் வயல், பேச்சிப்பாறை அணைத் தண்ணி கடைசில வந்து சேருக எடம். எனக்கு இந்த ஜாவா சமாச்சாரத்த கேக்கும்போ எல்லாம் கால்வாய்தான் நினைவு வரும்.

பேச்சிப்பாறைய கட்டுனது திருவிதாங்கூர் அரசாங்கம், 1906ல முடிஞ்சுது. 1956ல நாம தமிழ்நாட்டோட சேந்தோம், அணையும் கூட வந்துது. கட்டுனவன் ஒருத்தன், இப்ப ஷட்டர தூக்குகவன் ஒருத்தன், ஆனா தண்ணி நிக்கல, ஏன்னா அணையும் வயலும் ஒரே பக்கம் வந்துது. இனி நெய்யாறு இடதுகரை கால்வாய பாருங்க. கால்வாய் விளவங்கோடு வர நம்ம மண்ணுல கெடக்கு, அணை கேரளத்துல. 2004ல இருந்து தண்ணி இல்ல, கேஸ் சுப்ரீம் கோர்ட்டுல. கால்வாய் நம்மளுதுன்னு சொல்லி என்ன புண்ணியம், செடி மொளச்சு கெடக்கு.

இப்ப ஜாவாக்கு வாங்க. அப்பாச்சின்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்பு உண்டு, அவங்க 2005ல ஹார்மனின்னு சொந்தமா ஒரு ஜாவாவ மொதல்ல இருந்து எழுதுனாவ. அது உள்ளபடி ஜாவாதான்னு சொல்லணும்னா டிசிகேன்னு ஒரு டெஸ்ட் கட்டு உண்டு, அத பாஸ் ஆகணும். அந்த கட்ட சன் குடுக்கேன்னு சொல்லிச்சு, ஆனா போன் மாதிரி சாமானத்துல ஓட்டப்பிடாதுன்னு ஒரு நிபந்தனை சேத்தி. அப்பாச்சி ஒத்துக்கிடல, 2007ல வெளிப்படையா கடிதாசு எழுதுனாவ. கடைசில 2010 டிசம்பர்ல ஜேசிபி கமிட்டில இருந்தே எறங்கிப் போயிட்டாவ, அடுத்த வருசம் ஹார்மனிய மூடியாச்சு. அதாக்கும் எனக்க பாயிண்ட். கோட எல்லாருக்கும் தெறந்து வச்சாலும் ஷட்டர் எங்க இருக்குன்னு பாக்கணும். இங்க ஷட்டருங்கது அந்த டெஸ்ட் கட்டும் பேரும்.

நாஞ்சில்_வாத்தியார்:
கடைமடைத் தம்பி, உவமானம் பிரமாதம். இதுல ஒரு கூத்து உண்டு, சொல்லாம இருக்க முடியல. 2007 டிசம்பர்ல, இந்த அப்பாச்சி சண்டை நடக்கும்போ, ஜேசிபிய எந்த கம்பெனிக்கும் கீழ இல்லாத தனி அமைப்பா மாத்தணும்னு கமிட்டில ஒரு தீர்மானம் வந்துது. கொண்டு வந்தது ஆருன்னு நெனைக்கிய? ஓராக்கிள்! அன்னைக்கு அவங்க கடைமடை. ரெண்டு வருசம் கழிச்சு ஷட்டர் அவங்க கைல வந்துது, அந்த தீர்மானம் பொறவு நடக்கவே இல்ல.

மட்டிப்பழம்:
மருமொவளா இருக்கும்போ ஒரு ஞாயம், மாமியாரானா ஒரு ஞாயம்.

கழக்கூட்டம்_ரயில்:
எல்லாரும் சேந்து ஓராக்கிள மொத்துகிய, நான் எதிர்ப்பக்கம் நிக்கேன். கத்தாண்டாம், கேளுங்க. சன் நல்லவங்கதான், ஆனா ஜாவா 6 வந்தது 2006 டிசம்பர், 7 வந்தது 2011 ஜூலை. நாலரை வருசம்! அந்த நேரத்துல மைக்ரோசாப்டுக்க சி ஷார்ப் மொழில லேம்டா (சுருக்கமா ஒரு வரில எழுதுக முறை) வந்து பழசாயி போச்சு, நம்ம இங்க அதுக்கு பதிலா நீள நீளமா அனானிமஸ் கிளாஸ் எழுதிட்டு கெடந்தோம். நல்ல மனசு இருந்தா மட்டும் பத்தாது, சம்பளம் குடுக்கணும். ஓப்பன்ஜேடிகேல இன்னைக்கும் கூடுதல் வேல செய்யது ஓராக்கிள்ல சம்பளம் வாங்குகவங்கதான், அத மறச்சு பேசாண்டாம். 2014ல 8, அதுல லேம்டா வந்துது. 2018ல இருந்து மார்ச் ஒண்ணு செப்டம்பர் ஒண்ணுன்னு ஆறு மாசத்துக்கு ஒருக்க வெர்சன், தேதி தவறல. முன்னால ஒரு வசதி ரெடி ஆகலன்னா மொத்த வெர்சனும் காத்து கெடக்கும், இப்ப அது அடுத்த வண்டில வரும். ரயில்ல போறவனுக்கு இதுக்க அருமை தெரியும்.

ஓட்டு வேலைக்கு ஆவாதுன்னும் சொல்ல முடியாது. 2017 மே மாசம் ஜாவா 9க்க மாடூல் சிஸ்டம் (கோட துண்டு துண்டா பிரிச்சு அடுக்குக முறை) ஜேசிபி கமிட்டில ஓட்டுக்கு வந்துது, 13 பேரு வேண்டாம், 10 பேரு வேணும். தோத்துது. ஐபிஎம், ரெட் ஹேட், லண்டன்ல உள்ள ஜாவா யூசர் குரூப்பு எல்லாம் எதிரா போட்டாவ. ஓராக்கிள் சரின்னு போயி பேசி திருத்திட்டு வந்து ஜூன்ல மறுபடியும் வச்சு பாஸ் பண்ணுனாவ. யூசர் குரூப்புக்கு, அதாவது நம்மள மாதிரி சாயா குடிச்சிட்டு பேசுக கூட்டத்துக்கு, அந்த கமிட்டில சீட்டு உண்டு. பிரேசில்ல உள்ள குரூப்புக்கும் உண்டு.

தமிழ்ல எழுதுக ஆளுக்கு ஒரு சாட்சி சொல்லுகேன். 2022 மார்ச்சுல ஜாவா 18, ஜேஇபி 400ங்க மாற்றம், எந்த கம்ப்யூட்டர்னாலும் டிபால்ட் யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்தையும் சேவ் பண்ணுக முறை. ஒரு வரி மாற்றம் மாதிரி தெரியும். கோட்டாறு, ஒங்களுக்கு தெரியும்லா?

கோட்டாறு_பில்லிங்:
தெரியாம! மருந்துக்கட பில்லுல ஊர் பேரு போட்டு பைல்ல சேவ் பண்ணுனா விண்டோஸ்ல கேள்விக்குறி கேள்விக்குறியா வரும். எங்க மெஷின்ல நல்லா இருக்கும், கடைல போனா கேள்விக்குறி. ரெண்டு நாள் பிரிண்டர நோண்டுனோம், கேபிள மாத்துனோம். பொறவு பாத்தா பைல்லயே கேள்விக்குறிதான் கெடக்கு. எங்க ஆபீஸ்ல லினக்சு, கடைல விண்டோஸ், அங்க டிபால்ட் 1252ங்க எழுத்து முறை, அதுல தமிழே கெடையாது. நாகர்கோவில்னு எழுதுனா கரெக்டா 11 கேள்விக்குறி. நான் அப்ப எண்ணிப் பாத்து கொழம்புனேன், எழுத்து ஆறுதானே.

நாஞ்சில்_வாத்தியார்:
கொழம்பாண்டாம். நா, க, ர், கோ, வி, ல், நமக்கு ஆறு. ஜாவாக்கு ந ஒண்ணு, துணைக்கால் ஒண்ணு, க, ர, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி, மொத்தம் 11. இத நான் கிளாஸ்ல பரீட்சைக்கே வைப்பேன், ஸ்டிரிங்க, அதாவது எழுத்து வரிசைய, தலைகீழா திருப்புங்கடேன்னு. நாகர்கோவில திருப்புனா மொதல்ல புள்ளி வந்து நிக்கும், பிள்ளையோ சிரிக்கும். ஜாவா 20ல இருந்து பிரேக் இட்டரேட்டர்ங்க வசதி நம்ம கண்ணுக்கு தெரியக மாதிரி எழுத்து எழுத்தா பிரிக்குது, இப்ப அத வச்சு எழுதச் சொல்லுகேன்.

பாம்பு_பிடிக்கவன்:
எதுக்கு இந்த தலவலி, பைத்தான் மொழிக்கு வாங்க மக்கா. கம்பெனி இல்ல, சந்தா இல்ல, பிளஸ் டூ புக்குலயே இருக்கு.

கழக்கூட்டம்_ரயில்:
அங்க சண்டை இல்லன்னு ஆரு சொன்னா. பைத்தான உண்டாக்குன குய்டோ வான் ரோசம் ஆயுள் முழுக்க ராஜான்னு இருந்தாரு, 2018ல ஒரு கோலன் ஈக்குவல் டூ குறிக்கு வந்த வாக்குவாதத்துல இனி நான் இல்லன்னு எழுதி வச்சிட்டு எறங்கிட்டாரு. பைத்தான் 2லேர்ந்து 3க்கு மாற 2008ல தொடங்கி 2020 வர இழுத்துது. அந்த கூத்துல நானும் இருந்தேன், பிரிண்டுக்கு பிராக்கெட் போட்டே கை தேஞ்சுது.

பாம்பு_பிடிக்கவன்:
அவரு எறங்குன பொறவு என்ன ஆச்சு? கோர் டெவலப்பருமாரு ஓட்டு போட்டு அஞ்சு பேர் கவுன்சில தேர்ந்தெடுத்தாவ, 2019ல இருந்து அதுதான் நடக்குது. ஒரே கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்கு மேல அதுல இருக்கப்பிடாதுன்னு விதியும் உண்டு. ஒங்க ஜாவால ராஜாவுக்க கொட்டாரத்தையே சேத்து வித்தாச்சு. வித்தியாசம் அதாக்கும்.

கடைமடை:
இது சரியான பாயிண்ட்.

குளச்சல்_கமிட்:
நான் ஓப்பன்ஜேடிகேக்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தம், அனுப்புனவன். பெருமையா சொல்லல, மூணு வார்த்த மாத்துனேன், ஒரு கிளாசுக்க டாகுமென்டேசன்ல வாக்கியம் அர்த்தம் தலைகீழா இருந்துது, அவ்ளோதான். ஆனா உள்ள எப்படி நடக்குன்னு அப்பதான் பாத்தேன், அதனால சொல்லுகேன்.

2020ல எல்லாத்தையும் கிட்ஹப்புக்கு (கோட வச்சு சேந்து வேல செய்ய சைட்டு) கொண்டு வந்துட்டாவ, அதனால புல் ரிக்வெஸ்ட் (எனக்க திருத்தத்த சேருங்கன்னு கேக்கது) போடுகது லேசு. போட்ட ஒடனே ஒரு பாட் (தானா பதில் சொல்லுக புரோகிராம்) வந்து நிக்கும், நீ ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டியான்னு. அது ஓராக்கிளோட ஒப்பந்தமாக்கும், நம்ம எழுதுன கோடுக்க உரிமைய அவங்களோட பங்கு வைக்கணும். கையெழுத்து போட்டு அனுப்பி அவங்க பாத்து சரின்னு சொல்லுக வர நம்ம பேட்ச ஒரு மனுசனும் பாக்க மாட்டான். எனக்கு சில நாள் ஆச்சு. அடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவங்க பக் லிஸ்ட்ல ஒரு நம்பர் வேணும், அந்த லிஸ்ட்ல எழுத புது ஆளுக்கு அக்கவுண்ட் கெடையாது. நான் மெயிலிங் லிஸ்ட்ல கேட்டேன். முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு, ஓராக்கிள்காரரு, எனக்காவ நம்பர் போட்டு தந்தாரு. ரிவ்யூல ரெண்டு பேரு வந்தாவ, ஒருத்தரு மேல உள்ள காப்பிரைட் வருசத்த மாத்தச் சொன்னாரு, இன்னொருத்தரு எனக்க மூணு வார்த்தைல ஒரு வார்த்தைய மாத்தச் சொன்னாரு, அவரு சொன்னதுதான் நல்ல இங்கிலீசு. பொறவு நான் கமெண்ட்ல இன்டிகிரேட்னு அடிக்கணும், அடிச்சா நடக்காது, எனக்கு அதிகாரம் இல்ல, ஒரு கமிட்டர் வந்து ஸ்பான்சர்னு அடிக்கணும். அடிச்சாரு. மூணு வாரம், மூணு வார்த்த.

தொடுவட்டி அண்ணன் கீழ உள்ளவன பத்தி கேட்டியள்லா, பதில் இதுல பாதி உண்டு. கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள இருக்கவங்க தங்கமான ஆளுவ, ஆனா கதவுக்க சட்டம் அவங்களுது. இன்னொன்னு, ஜாவா 8, 11க்கு பொதுவுல வர பாதுகாப்பு பேட்ச் எல்லாம் 2019ல இருந்து ரெட் ஹேட் முன்னால நின்னு பாக்குது, கூட மத்த கம்பெனி ஆளுவளும் உண்டு. ஜனவரி ஏப்ரல் ஜூலை அக்டோபர்னு வருசத்துக்கு நாலு தடவ வரும். கோட்டாறுக்க 40 கம்ப்யூட்டரும் இனி அந்த தண்ணிலதான் ஓடப் போவுது. கடைமடை சொன்ன கால்வாய்ல தூர் வாருக கூட்டம் அதாக்கும். அதுல ஒருத்தருக்க பேரும் நமக்கு தெரியாது.

கடைமடை:
எங்க ஊர்ல தூர் வாருகது நாங்களே. வருசத்துல ஒரு நா வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும், வரலன்னா கூலிக்கு ஆள் அனுப்பணும். இப்ப பாதி வயல் வாழையாயி மிச்சம் பிளாட்டாயி ஆள் வாறது கொறஞ்சுது. பிளாட்டுக்காரன் வரமாட்டான், ஆனா மழைத்தண்ணி போக அவனுக்கும் அதே ஓடைதான் வேணும்.

பாம்பு_பிடிக்கவன்:
கூகுள் கேஸ ஆரும் சொல்லல?

நாஞ்சில்_வாத்தியார்:
சொல்லலாம், சுருக்கமா. கூகுள்காரங்க ஆண்ட்ராய்டுல ஜாவாக்க ஏபிஐ (புரோகிராமர் கூப்பிடுக கட்டளையளுக்க பட்டியல்) பேரும் அமைப்பும் எடுத்தாவ, 11,500 வரி. ஓராக்கிள் 2010 ஆகஸ்டுல கேஸ் போட்டுது. கீழ் கோர்ட்டு, மேல் கோர்ட்டு, மறுபடியும் கீழன்னு ஆடி, 2021 ஏப்ரல்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 6க்கு 2ன்னு கூகுளுக்க பக்கம் சொல்லிச்சு, ஞாயமான உபயோகம்னு. ஏபிஐக்கு காப்பிரைட் உண்டா இல்லையாங்க கேள்விய தொடாம விட்டுட்டாவ. பத்து வருசம் கேஸ் நடத்தி நடு வரப்ப அப்படியே விட்ட மாதிரி.

வெட்டூர்ணிமடம்_வெப்:
எனக்க பாட்டையும் கேளுங்க. ஜாவா ஈஈய, அதாவது பெரிய கம்பெனி சாப்ட்வேருக்குள்ள ஜாவா பாகத்த, 2017ல ஓராக்கிள் எக்லிப்சுக்கு குடுத்துது, நல்ல காரியம். கோட குடுத்தாவ, பேர குடுக்கல. ஜாவாஎக்ஸ்னு தொடங்குக பேக்கேஜுல எக்லிப்ஸ் இனி கை வைக்கப்பிடாதுன்னு 2019ல முடிவாச்சு. அதனால 2020 டிசம்பர்ல எல்லாம் ஜகார்தான்னு பேர் மாறிச்சு. வெப் சாப்ட்வேர் எழுத நாங்க வச்சிருக்க ஸ்பிரிங் பூட்ங்க சாமானத்துக்க 3க்கு போவணும்னா இத மாத்தியே தீரணும். நான் ஒரு ஞாயித்துக்கிழம, பழம்பொரிய கடிச்சிட்டு, ஜாவாஎக்ஸ்ச தேடு ஜகார்தான்னு மாத்து, ரீப்ளேஸ் ஆல் அமுக்குனேன். 2,000 சொச்சம் எடத்துல மாறிச்சு, சந்தோசம். கம்பைல் பண்ணுனா டேட்டாபேஸும் போச்சு, கிரிப்டோவும் (தகவல பூட்டி வைக்க பாகம்) போச்சு. ஜாவாஎக்ஸ் எஸ்கியூஎல், ஜாவாஎக்ஸ் கிரிப்டோ எல்லாம் ஜாவாக்க உள்ளயே உள்ளது, அது ஈஈ இல்ல, அதுக்க பேரு மாறல! செர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேசன் மாதிரி உள்ளது மட்டும் மாறணும். ஒரு டிரேட்மார்க்குக்காவ உலகம் முழுக்க எத்தன ஞாயித்துக்கிழம போச்சுன்னு ஆரு கணக்கு எடுப்பா.

மட்டிப்பழம்:
பழம்பொரி ஆறிச்சா?

வெட்டூர்ணிமடம்_வெப்:
எறும்பு தின்னுச்சு.

கோட்டாறு_பில்லிங்:
(ஒரு வாரம் கழிச்சு வாறேன்) நடந்தத சொல்லுகேன், பொறவு தேடி வாற ஆளுக்கு ஒதவும். மொதல்ல ஒரு மெஷின்ல ஓராக்கிள கழத்திட்டு டெமுரின் 8 போட்டேன். பில்லிங் தொறக்கல. ஜாவாஎஃப்எக்ஸ் அப்ளிகேசன் கிளாஸ காணோம்னு எரர். இங்க கெடந்த ஓராக்கிளுக்க 8ல ஜாவாஎஃப்எக்ஸ் கூடவே வந்துது, டெமுரின்ல கெடையாது, இது எனக்கு தெரியல. ஆரும் சொல்லவும் இல்ல பாத்தியளா. பொறவு ஜூலுல எஃப்எக்ஸ் சேத்த பேக்கேஜ் தனியா உண்டுன்னு பாத்து அத போட்டேன், தொறந்துது. பில்லுல தமிழும் சரியா வருது, கொம்பு காலு எல்லாம் எடத்துல நிக்கி. மூணு நாள் சாயங்காலமா இருந்து 39 மெஷின் முடிச்சாச்சு. கணக்கருக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் கழத்துன தேதிய எழுதி ஒரு லிஸ்டும் குடுத்தேன், அவரு அத பைல்ல குத்தி வச்சிருக்காரு.

கழத்துனதோட முன்ன ஓடுன நாளுக்கு ஆராச்சும் கேட்டா என்ன செய்யன்னு கணக்கரு கேட்டாரு.

கழக்கூட்டம்_ரயில்:
அதுக்கு வக்கீலுகிட்டதான் கேக்கணும், நம்ம இங்க இருந்து வாய விடாண்டாம். லிஸ்ட பத்திரமா வையுங்க. 40ல 39 சொன்னிய, ஒண்ணு எங்க?

கோட்டாறு_பில்லிங்:
கேட் பக்கத்துல எடை மேடை கம்ப்யூட்டர். லாரி கேறி நின்னா சீரியல் போர்ட் வழியா எடைய எடுக்கும். அதுக்க சாப்ட்வேர் நாங்க எழுதுனது இல்ல, எழுதுன ஆளு எங்கன்னு ஆருக்கும் தெரியாது. வெர்சன் பாத்தா ஜாவா 6. கம்பெனி பேரு எடத்துல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்னு இருக்கு. பாத்த ஒடனே காலேஜ் லேப் நினைவு வந்துட்டு.

நாஞ்சில்_வாத்தியார்:
ஒரு போட்டோ எடுத்து போடும், பிள்ளையளுக்கு காட்டணும்.

குளச்சல்_கமிட்:
அதுல நெட்டு உண்டா?

கோட்டாறு_பில்லிங்:
இல்ல. வெறும் பிரிண்டரும் ஒரு மொண்ணை கீபோர்டும். ஏழாம் நம்பர் அமுங்காது, மேல உள்ளத அமுக்கணும்.

குளச்சல்_கமிட்:
அப்ப அத தொடாண்டாம். கீபோர்ட மட்டும் மாத்திக் குடும்.